இன்னும் நடக்கலையா?

குழந்தை இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காமல் போகாத கேள்வி இது. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, சும்மா கேட்பதுதான். ஆனால் அன்று ராத்திரி அந்தக் குழந்தையின் அம்மா செல்போனில் என்ன தேடிக்கொண்டிருப்பாள் என்று யாரும் யோசிப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் தானாக நடக்கும் வயது சுமார் 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை இருக்கலாம். கிட்டத்தட்ட பத்து மாத இடைவெளி! அதே ஆய்வில் சுமார் 4 சதவீதக் குழந்தைகள் கையும் காலும் ஊன்றித் தவழவே இல்லை. அந்தக் கட்டம் இல்லாமலேயே நடந்துவிட்டார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் கணக்கே வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த 8 மாதக் குழந்தையை 6 மாதக் குழந்தையாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை மருத்துவர்கள் இப்படித்தான் கழித்துப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது?

கெடு உண்மையிலேயே கறாராக இருப்பது கருப்பையில்தான். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. அதனால்தான் அந்தக் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தினமும் 400 மைக்ரோகிராம் வீதம் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். அதைப் பற்றி எந்த உறவினரும் கேட்பதில்லை. நாள் தவறக் கூடாத இடத்தில் மௌனம், பத்து மாதம் முன்னே பின்னே ஆகக்கூடிய இடத்தில் விசாரணை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பிறந்த குழந்தையின் அக்குளைப் பிடித்துப் பாதம் தரையில் படும்படி நிறுத்திப் பாருங்கள். நடப்பதுபோல் காலை மாற்றி மாற்றி வைக்கும். இரண்டு மாதத்தில் அது நின்றுவிடும். மூளை வளர வளர அந்த அனிச்சைச் செயல் மறைந்துவிடுகிறது என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். எஸ்தர் தெலன் என்ற உளவியலாளர் அந்தக் குழந்தைகளை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தினார். கால் மறுபடி நடந்தது! விஷயம் இவ்வளவுதான்: தொடையில் சதை வேகமாக ஏறிவிட்டது, தூக்குகிற அளவுக்குப் பலம் இன்னும் வரவில்லை. எடை, பலம், நிற்கிற இடம், மூளை எல்லாம் கூடிவரும்போதுதான் நடை வருகிறது. இதில் நாம் அவசரப்படுத்த என்ன இருக்கிறது?

ஆனாலும் வாக்கர் வாங்கிவிடுகிறோம். அதில் உட்கார்ந்தால் நடை சீக்கிரம் வராது, படியில் உருண்டு மண்டை உடைவதுதான் நடக்கும். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

சரி, எதற்குமே கவலைப்பட வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றால் காட்ட வேண்டும். நேற்று வரை சொன்ன சொற்களை இன்று சொல்லவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை இப்போது திரும்புவதில்லை என்றால் எந்த வயதானாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நடை தாமதமானால் பதறுகிற அதே வீட்டில் பேச்சு தாமதமானால் மட்டும் "பையன்தானே, மெதுவாப் பேசுவான்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். பேச்சு வரவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியவற்றில் ஒன்று காது கேட்கிறதா என்ற பரிசோதனை. கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிறதே, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். பெரிய சத்தம் கேட்டு, மெல்லிய பேச்சொலிகள் மட்டும் கேட்காத குழந்தைகளும் உண்டு.