கட்டில் தூக்கும் காட்சி

நேற்று ராத்திரி மறுபடியும் ‘மணிச்சித்திரத்தாழ்’. எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. 1993இல் வந்த மலையாளப் படம். இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிச்சை அவிழ்க்கப் போகிறேன்.

சைக்கலாஜிக்கல் த்ரில்லர் என்றால் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு ட்விஸ்ட் வைத்தால் போதும் என்று இப்போது நிறைய பேர் நினைக்கிறார்கள். ட்விஸ்ட் ஒரு தடவைதான் வேலை செய்யும். அப்புறம்? ஃபாசில் எடுத்த இந்தப் படத்தில் எனக்கு, முடிச்சு தெரிந்த பிறகுதான் பயமே ஆரம்பித்தது.

எப்போதோ கொலையான நடனக்காரி நாகவல்லியாகத் தன்னை நினைத்து மாறிவிடும் கங்கா முழுப்படத்திலும் நம் கண்ணெதிரேதான் இருக்கிறாள். பூட்டிக்கிடக்கும் தெக்கினிக்கு, அதாவது அந்தப் பழைய வீட்டின் தெற்குக் கட்டுக்கு, சாவி செய்யச் சொல்வது அவள். நாகவல்லி கதையை ஆசையாய்க் கேட்பதும் அவள். கல்கத்தாவிலிருந்து வந்தவள், படித்தவள், பேய் பிசாசுக்குப் பயப்படாதவள் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஜாதக தோஷக்காரி, வாழ்க்கை சரியாக அமையாத உறவுக்காரப் பெண் ஸ்ரீதேவி மேல் சந்தேகம் போகிறது. ஊர் யாரைச் சந்தேகப்படுமோ அவளையே நாமும். படம் பொய்யே சொல்லவில்லை, நாம்தான் ஏமாந்தோம்.

அந்தக் கட்டில் காட்சி! வெளியே கிளம்பும் கங்காவை அவள் கணவன் நகுலன் போக வேண்டாம் என்கிறான். ஏன் என்று முதலில் சாதாரணமாகத்தான் கேட்கிறாள். பிறகு கண் நிலைகுத்துகிறது, குரல் தடிக்கிறது, கட்டில் ஒரு பக்கம் மேலே எழும்புகிறது. அவன் பதறிக் கத்தியதும் சட்டென்று தணிந்து, தனக்கு என்ன ஆயிற்று என்று அவனிடமே கேட்கிறாள். கட்டிலைவிட அந்தக் கேள்விதான் எனக்குக் கிலி. கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை.

இன்னொன்று. நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, அதனால் கங்கா மாறும்போது தமிழ் பேசுவாள். 2005இல் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்குக்காரி ஆனாள். இந்தியில் வங்காளி. எந்த ஊரில் எடுத்தாலும் பேய்க்குப் பக்கத்து ஊர்ப் பாஷை! பழகிய பெண் வாயிலிருந்து புரியாத பாஷை வந்தால் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்.

ஆனால் மலையாள மூலத்தைப் பார்க்கும் நமக்கு எல்லாம் தலைகீழ். முதல் தடவை அத்தையோடு உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கு மலையாளம் சுத்தமாய் வராது. “என்னடா சொல்றா, என்னடா சொல்றா” என்று வரிக்கு வரி கேட்டுக்கொண்டே இருந்தவர், கட்டில் எழும்பியபோது கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

“இது புரியுதுடா” என்றார்.