கேபிள் லைசென்ஸ் நகராட்சி கையில இல்லைங்க

மேல ஒருத்தர் கேபிள்காரருக்கு லைசென்ஸ் கொடுக்குறதே நகராட்சிதான், கவுன்சிலர் நெனச்சா மாசக் கட்டணத்தக் கொறைக்கலாம்னு போட்டிருக்காரு, அது தப்புங்க. 1995 கேபிள் டிவி சட்டப்படி கேபிள்காரரோட பதிவு (லைசென்ஸ்னு சொல்றது இதத்தான்) முன்னாடி தலைமை தபால் நிலையத்துல நடந்துச்சு, 2025 ஜனவரிலேருந்து மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே ஆன்லைன்ல பண்ணுது. கட்டண விதி டிராய் (மத்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கையில, பில்லுல நெட்வொர்க் கட்டணம்னு தனியா வருதே, அதுக்கு இருந்த 130 ரூபா உச்சவரம்பையும் 2024ல எடுத்துட்டாங்க. உள்ளூர்ல இந்தக் கேபிள் டிவி சட்டத்துல அதிகாரம் இருக்குறது கலெக்டர், கோட்டாட்சியர், போலீஸ் கமிஷனருக்கு, பதிவு இல்லாம ஓட்டுனா மெஷினயே பறிமுதல் பண்ணலாம். ரோட்டத் தோண்டி ஒயர் போடுறதுக்குத்தான் நகராட்சி பர்மிஷன். கட்டணப் புகாரத் தூக்கிட்டு கவுன்சிலர் வீட்டுக்கு அலையாதீங்க, மொதல்ல ஆபரேட்டரோட கஸ்டமர் கேர்ல பதிஞ்சு டாக்கெட் நம்பர், அதான் புகார் எண், வாங்குங்க.