கடலுக்குப் போகும் வழியில் மகேந்திரவாடியில் இறங்குங்கள்

வேலூர்ப் பக்கத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு ஒருநாள் பயணம் கிளம்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நேரே கடலுக்குப் போகாதீர்கள். காவேரிப்பாக்கம் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி, மகேந்திரவாடியில் அரை மணி நேரம் இறங்கிப் பாருங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்களும் எல்லோரையும் போலத்தான் போனோம். உறவுக்காரர்கள் பதினாறு பேர், ஒரு வேன், ஒரே நாளில் ஒன்பது இடம். ஓரிடத்துக்கு இருபது நிமிஷம். கடற்கரைக் கோயிலுக்குப் போனபோது உச்சி வெயில். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குவதுபோல எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் என்ன பிடித்தது என்று கேட்டேன். "எல்லாம் கல்லுதானேப்பா, வெயில் தாங்கல" என்றாள். அந்தப் பதில் மனசை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் இந்த முறை மூன்றே இடம் என்று முடிவு செய்தேன். அம்மா, அக்கா மகள், நான். விடியற்காலையில் கிளம்பி முதலில் மகேந்திரவாடி.

சமவெளியில் தனியாக நிற்கும் ஒரே பாறை அது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அதன் உள்ளே குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான். மகேந்திர தடாகம் என்ற ஏரிக்கரையில், மகேந்திரபுரம் என்ற ஊரில், பாறையைப் பிளந்து குணபரன் செய்த மகேந்திர விஷ்ணு கிருகம் இது என்று தூணிலேயே கல்வெட்டு இருக்கிறது. குணபரன் அவனுடைய பட்டப்பெயர். தூண்களில் பெரிய அலங்காரம் ஒன்றுமில்லை. மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, அவ்வளவுதான். நாங்கள் போனபோது அங்கே வேறு யாருமே இல்லை.

அதைப் பார்த்த கண்ணோடு மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கு முன்னால் போய் நின்றால் எல்லாமே வேறு மாதிரி தெரிகிறது. நம் பக்கத்து மகேந்திரவாடியில் பாறைக்கு உள்ளே குடைந்தார்கள். இங்கே பாறையின் வெளிப்புறத்தையே கோயிலாகச் செதுக்கிவிட்டார்கள். பீம ரதத்தின் அடிப்பகுதியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே கூரை முழுசாக முடிந்திருக்கும், கீழே இன்னும் கரடாக இருக்கும். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதை அந்தக் குறைவேலைதான் நமக்குச் சொல்கிறது. அப்புறம் கடற்கரைக் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்னால் வந்த பல்லவ மன்னன் ராஜசிம்மன் எடுத்தது. அங்கே குடைவதும் இல்லை, பாறையைச் செதுக்கிக் கோயிலாக்குவதும் இல்லை. வெட்டிய கல்லை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். சுமார் நூறு வருஷத்தில் இத்தனை தூரம்! ரதங்கள் மகேந்திரனின் மகன் மாமல்லன் காலத்தவை என்று பலர் சொல்கிறார்கள், அவையும் ராஜசிம்மன் வேலைதான் என்ற கருத்தும் உண்டு. எப்படியானாலும் அந்தப் பாதை நம் வடாற்காடு வழியாகவும் வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போவதில் வருத்தமும் உண்டு.

கிருஷ்ண மண்டபத்தில்தான் அம்மா அசையாமல் நின்றுவிட்டாள். கண்ணன் மலையைத் தூக்கிப் பிடிக்கிறான், அவன் காலடியில் ஊரே ஒதுங்கி நிற்கிறது. அம்மா பார்த்தது அதையல்ல. ஓர் ஆள் பால் கறக்கிறான், பசு திரும்பிக் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. "கன்னுக்குட்டிய நக்கினாத்தான் பால் எறங்கும். செதுக்கினவன் மாடு வெச்சிருந்தவன்டா" என்றாள். வாலாஜாவில் இருபது வருஷம் மாடு வைத்திருந்தவள் அவள். அங்கேயே முக்கால் மணி நேரம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

சாயங்காலம் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடிருந்த கலைஞர்களும் சேர்ந்து தொடங்கியது. பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருட்கள் செய்து விற்று, அந்த வருமானத்தில் வாழ்ந்துகொண்டு ஓவியம் வரைந்தார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகள் இருக்கின்றன. பணிக்கரின் ஓவியங்களில் எழுத்து மாதிரியும் சக்கரம் மாதிரியும் வருகிற கோடுகளை அக்கா மகள் நோட்டில் வரைந்துகொண்டே இருந்தாள். நேரம் இருந்தால் முட்டுக்காட்டில் தென்னிந்தியப் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் தட்சிணசித்ராவும் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.

பூந்தமல்லி வழியாகத் திரும்பி வரும்போது ராத்திரி பத்து மணி. மகேந்திரன் குடைந்த கோயில் நம் பக்கத்தில் வேறெங்கேயாவது இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். மாமண்டூர், சீயமங்கலம் என்றேன். அடுத்த ஞாயிறு மாமண்டூர் போகிறோம்.