காலையில் என் தட்டை எட்டிப் பார்க்காதீர்கள்

ஒருவர் காலையில் என்ன சாப்பிடுகிறார் என்பதில் மற்றவர்களுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு நான் எதைத் தின்றாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்பவர்கள்கூடப் பதிலைக் காதில் வாங்குவதில்லை. ஆனால் காலையில் மட்டும், வாட்டிய பிரெட் இரண்டு துண்டும் பால் சேர்க்காத காபியுமாக ஓர் ஓரமாக உட்கார்ந்தால் போதும், வீட்டில் இருப்பவர், விருந்தாளியாக வந்தவர், கூட வேலை பார்ப்பவர், ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஆள் என்று அத்தனை பேருக்கும் ஒரு கருத்து வந்துவிடுகிறது. "இவ்வளவுதானா?" அந்த ஒற்றை வார்த்தையில் எத்தனை பரிதாபம், எத்தனை கண்டனம்! ஏதோ நான் சோற்றுக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

இவ்வளவுதான். போதும் எனக்கு. எழுந்ததும் பசிக்காத உடம்பு இது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதைச் சொன்னால் உடனே அந்த மந்திரத்தை எடுத்து விடுவார்கள்: "காலைச் சாப்பாடுதான் ஒரு நாளைக்கே முக்கியமான சாப்பாடு, தெரியுமில்ல?" தெரியும் ஐயா, தெரியும். ஆயிரம் முறை கேட்டாயிற்று. அதைச் சொல்கிறவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

1917-இல் அமெரிக்காவில் 'குட் ஹெல்த்' என்ற இதழில் கிட்டத்தட்ட இதே வாக்கியம் அச்சில் வந்திருக்கிறது. அந்த இதழின் ஆசிரியர் யார்? டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக். ஆமாம், கார்ன் ஃபிளேக்ஸ் என்கிற சோளத் தகட்டுப் பொட்டலத்தில் இன்றைக்கும் இருக்கிற அதே பெயர்தான். மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் சுகவாச நிலையம் நடத்தியவர், தானியத்தைத் தகடாக்கும் முறைக்கு 1896-இல் காப்புரிமை வாங்கியவர். அவருடைய தம்பி வில் கீத் 1906-இல் அதையே தனிக் கம்பெனியாக ஆரம்பித்துவிட்டார். இவர்கள் சொன்னது எல்லாமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. காலை உணவைத் தயாரித்த குடும்பத்தின் இதழில் காலை உணவைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள், அதை நாம் வேதவாக்கு மாதிரி நூறு வருஷமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு கூத்து இருக்கிறது. முட்டையும் பன்றி இறைச்சியும்தான் காலைக்கு ஏற்ற ஜோடி என்று அமெரிக்கர்கள் நினைப்பதில் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர வல்லுநருக்குப் பெரிய பங்கு உண்டு. சிக்மண்ட் ஃபிராய்டின் உறவுக்காரர். 1920-களில் பீச்-நட் என்ற நிறுவனத்துக்குப் பன்றி இறைச்சி விற்பனையைக் கூட்ட வேண்டியிருந்தது. இவர் என்ன செய்தார், ஒரு மருத்துவரைப் பிடித்து 'காலையில் கனமான சாப்பாடு நல்லதா, லேசானது நல்லதா' என்று கேட்டார். கனமானதுதான் நல்லது என்றார் அவர். அதே கேள்வியை அவர் வழியாகவே மற்ற மருத்துவர்களுக்கும் அனுப்ப, ஏறக்குறைய 4,500 பேர் ஆமோதித்தார்கள் என்று பெர்னேஸே பின்னாளில் பெருமையாகச் சொன்னார். பத்திரிகைகள் அதைச் செய்தியாகப் போட்டன. விளம்பரம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. இப்போது என் தட்டைப் பார்த்து 'வெறும் வயிற்றோட போகாதே' என்று அதட்டுகிறவருக்குள் அந்த மனிதர் உட்கார்ந்து பேசுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, பழைய கதையை விடுவோம். காலையில் பசியில்லை என்றால் உடம்பில் ஏதோ கோளாறு என்கிறார்களே, அதற்கு வருகிறேன். 2013-இல் ஒபிசிட்டி என்ற ஆய்விதழில் ஒரு சோதனை வந்தது. ஆரோக்கியமான 12 பேரை வெளிச்சம் மங்கலாக்கிய ஆய்வுக்கூடத்தில் வைத்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் நாள் முழுக்கச் சமமாகப் பரப்பிப் பார்த்ததில், உடம்பின் உள் கடிகாரப்படி பசி மிகக் குறைவாக இருந்தது காலை எட்டு மணிவாக்கில், மிக அதிகமாக இருந்தது இரவு எட்டு மணிவாக்கில். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு எழுந்த பிறகும் பலருக்கு ஏன் அகோரப் பசி எடுப்பதில்லை என்பதற்கு இது ஒரு விளக்கம். சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் காலையில் பசிக்காதது ஒன்றும் அதிசய வியாதி இல்லை. எடை விஷயத்திலும் அப்படித்தான். 'காலையில சாப்பிடலேன்னா குண்டாயிடுவே' என்று பயமுறுத்துவார்களே, அதைப் பற்றி 13 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. காலையில் சாப்பிட்டவர்கள்தான் சராசரியாக நாளொன்றுக்கு 260 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள், எடையும் அவர்களுக்குத்தான் ஒரு பொட்டு அதிகம். ஆதாரங்களின் தரம் அவ்வளவு உயர்வில்லை என்று எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே காலைச் சாப்பாட்டை விட்டால் இளைக்கலாம் என்று நான் கிளம்பப் போவதில்லை. வளர்கிற பிள்ளைகள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இவர்கள் கதை வேறு, அது அவர்களும் மருத்துவரும் பேசிக்கொள்ள வேண்டியது. நான் சொல்வதெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரரின் பயமுறுத்தலைப் பற்றி மட்டும்தான்.

எதிர்ப்பக்கமும் ஒரு கோஷ்டி இருக்கிறது. அவர்கள் இன்னும் மோசம். காலையில் நான் அந்த இரண்டு துண்டு பிரெட்டைத் தொடுவதே அவர்களுக்குக் குற்றம். "பதினாறு மணி நேரம் விரதம் இருந்து பாரு, மூளை எப்படி வேலை செய்யுதுன்னு தெரியும்." இவர்களுடைய மூளை வேலை செய்கிற லட்சணத்தைத்தான் தினமும் பார்க்கிறேனே. ஒருவர் சாப்பிடு என்கிறார், இன்னொருவர் சாப்பிடாதே என்கிறார், மூன்றாமவர் வந்து 'அதுல புரோட்டீன் எங்கே?' என்கிறார். நடுவில் என் காபி ஆறிப்போகிறது.

அடுத்தது, 'தினமும் இதேதானா?' ஆமாம், தினமும் இதேதான். அதில் என்ன போரடிப்பு? கண் சரியாகத் திறக்காத நேரத்தில் யோசிக்காமல் செய்ய ஒரு வேலையாவது இருக்கட்டுமே. இதில் நான் தனியாளும் இல்லை. அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் ஆயிரக்கணக்கானவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதி வைத்த பதிவுகளைப் பார்த்து 2022-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் விதவிதமாகக் கேட்கிற அதே மனிதர்கள் காலையில் மட்டும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சாப்பிடுகிறார்கள். காலையில் நமக்கு வேலை முடிந்தால் சரி, ருசி கொண்டாட்டம் எல்லாம் அப்புறம். 'தினமும் இதேதானா' என்று என்னைக் கேட்டவரின் தட்டில் நேற்று இருந்த ஓட்ஸ் கஞ்சி இன்றும் இருந்தது. அது அவருக்கு ஒழுக்கம், எனக்கு மட்டும் சோம்பேறித்தனம்!

இதெல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது பிடிக்காததைப் பிடிக்காது என்று சொல்லும்போது நடக்கிற விசாரணை. எனக்குப் பால் பிடிக்காது. ஒவ்வாமை இல்லை, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமலும் இல்லை, பிடிக்காது. காய்ச்சிய பாலின் வாடை, அதன் மேல் சுருங்கி மிதக்கிற அந்த ஆடை, நினைத்தாலே குமட்டும். அதே மாதிரிதான் மஞ்சள் கரு ஒழுகுகிற அரைவேக்காட்டு முட்டையும். இதைச் சொன்னதும் எதிராளி முகத்தில் ஓர் உற்சாகம் வரும் பாருங்கள், "நீ நான் போடற மாதிரி சாப்பிட்டிருக்க மாட்டே!" என்று. நீங்கள் தங்கத்தில் போட்டாலும் அது ஒழுகும் அல்லவா? 'ஒரே ஒரு வாய்', 'எனக்காக', 'பிடிக்கலேன்னா துப்பிடு' என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வாமை என்று பொய் சொன்னால் மரியாதையாக விட்டுவிடுகிறார்கள். பிடிக்காது என்று உண்மையைச் சொன்னால்தான் வம்பு. நாக்குக்கு டாக்டர் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தால்தான் நம்புவார்கள் போல.

அந்தச் சீட்டும் ஓரளவுக்கு இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1931-இல் டூபான்ட் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பி.டி.சி. என்ற பொடியைக் கையாண்டபோது அது காற்றில் கொஞ்சம் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் 'என்ன இப்படிக் கசக்குது' என்று கத்தினார். ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார், அப்போதும் ஒரு சுவையும் இல்லை. ஒரே பொடி, ஒருவருக்குக் கடுங்கசப்பு, இன்னொருவருக்கு வெறும் தூள். பிற்பாடு, 2003-இல், இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி எந்த மரபணுவால் வருகிறது என்றே கண்டுபிடித்துவிட்டார்கள். கொத்தமல்லித் தழை சிலருக்கு மட்டும் சோப்பு மாதிரி அடிப்பதற்கும் வாசனை அறியும் மரபணு ஒன்றோடு தொடர்பு இருக்கிறது என்று 2012-இல் எழுதினார்கள். ஆக, நாம் இருவரும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டாலும் ஒரே பொருளைத்தான் சுவைக்கிறோம் என்று யார் சொன்னது? உங்கள் நாக்கில் தேனாக இருப்பது என் நாக்கில் என்னவாக இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? என் வாய்க்குள் நீங்கள் இல்லையே!

பிறப்பில் வருவது ஒரு பக்கம், பட்டு வருவது இன்னொரு பக்கம். ஒரு சாப்பாட்டைச் சாப்பிட்ட பிறகு ஒருமுறை வாந்தி வந்துவிட்டால், வாந்திக்கு அது காரணமே இல்லை என்று மனதுக்குத் தெரிந்தாலும், அப்புறம் அந்த வாடையே ஆகாமல் போய்விடுகிறது அல்லவா? 1955-இல் ஜான் கார்சியாவும் அவரோடு இருந்தவர்களும் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் வயிற்றைப் புரட்டுகிற கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு அவை இனிப்புத் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. எலிக்கு யாரும் 'நான் கலக்கற மாதிரி குடிச்சிருக்க மாட்டே' என்று சொல்லவில்லை, அந்த வகையில் எலி கொடுத்து வைத்தது.

வற்புறுத்தினால் பழகிவிடும் என்கிறார்கள். அதுவும் நடப்பதில்லை. 2006-இல் வந்த ஓர் ஆய்வில் சின்னப் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்து, சில சமயம் 'குடி, குடித்து முடி' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், சில சமயம் ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். விட்டபோதுதான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். சொல்லிக்கொண்டே இருந்தபோது குறைவாகக் குடித்ததோடு சூப்பைப் பற்றிக் குறையும் அதிகமாகச் சொன்னார்கள். நாலைந்து வயதுப் பிள்ளைக்கே இப்படி என்றால், முடி நரைக்கத் தொடங்கிய என்னைப் பால் குடிக்க வைக்கக் கிளம்புகிறீர்களே, உங்கள் தன்னம்பிக்கையை என்னவென்பது. பிடிக்காததைக் கட்டாயப்படுத்தாமல், தொந்தரவு பண்ணாமல், அவ்வப்போது கண்ணில் படும்படி வைத்தால் சிலருக்குப் பழகலாம், அது உண்மை. கசக்கிற காபியை நானே அப்படித்தான் பிடித்துக்கொண்டேன். ஆனால் யாரும் என் மூக்கைப் பிடித்து ஊற்றவில்லை.

இந்த இடத்தில் 'நீ என்ன குழந்தையா?' என்று கேட்பவர்கள் வந்து நிற்பார்கள். அவர்களிடம் கொஞ்சம் கிண்டிப் பார்த்தால் அவர்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கும். ஒருவருக்குக் கனிந்த பழத்தின் கொழகொழப்பு ஆகாது, இன்னொருவருக்குப் பாலில் ஊறிப்போன தானியம் ஆகாது, மற்றவர் வெங்காயத்தைப் பொறுக்கித் தட்டோரமாக வைக்கிறவர். அதற்கெல்லாம் 'எனக்கு இப்படித்தான் வேணும்' என்று கம்பீரமாகச் சொல்வார்கள், அடுத்தவர் சொன்னால் மட்டும் அடம். இதில் உள்ள அநியாயம் அவர்களுக்கு உறைப்பதே இல்லை. எனக்கு யார் எதைத் தின்றாலும் கவலையில்லை. எதிரே ஒருவர் மஞ்சள் கருவில் பிரெட்டைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடும்போது என் வயிறு புரண்டாலும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேனே தவிர, 'ஐயே, அதை எப்படிச் சாப்பிடறீங்க' என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு சமாளிப்பு கற்று வைத்திருக்கிறேன், அதைச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது. விருந்துக்குப் போன இடத்திலும், காலையிலேயே கூட்டம் வைத்துச் சிற்றுண்டி கொடுக்கிற வேலையிடத்திலும், தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்வேன். பேச்சு நடக்கும்போது கரண்டியால் இங்கிருந்து அங்கே நகர்த்திக்கொண்டிருப்பேன். அத்தனை பேருக்கும் பரம திருப்தி! கடைசியில் அப்படியே குப்பைக்குப் போகிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வீணாக்காமல் 'வேண்டாம்' என்று முதலிலேயே சொல்கிறவன் திமிர் பிடித்தவன், வாங்கி வீணாக்குகிறவன் நல்ல பிள்ளை. இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பரிமாறுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். 'என்ன வேண்டும்' என்று கேளுங்கள், சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன். 'பால் வேண்டாம்' என்று நான் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. 'ஏன்' கிடையாது, 'உடம்பு சரியில்லையா' கிடையாது, 'ஒரு சொட்டு விட்டா ஒண்ணும் ஆகாது' என்பது கிடையவே கிடையாது, நான் திரும்பிய நேரம் பார்த்து அந்த ஒரு சொட்டை விட்டுவிட்டு 'கண்டுபிடிச்சியா பாரு' என்று சிரிப்பதும் கிடையாது. கண்டுபிடித்துவிட்டேன், முதல் வாயிலேயே. இதை நீங்களே குடித்துவிட்டு எனக்கு வேறு காபி போடுங்கள்.