நாடகத்துக்குக் காசு கேட்டால் மெனு கேட்கிறார்கள்

கொழும்பில் இருக்கிற எங்கள் நாடகக் குழுவுக்குக் காசு தேவை. மண்டப வாடகை, லைட், உடுப்பு, ஒத்திகை முடிந்து பத்து மணிக்குப் பிறகு பிள்ளைகளைக் கொட்டாஞ்சேனைக்கும் வத்தளைக்கும் அனுப்ப த்ரீவீல் காசு, இதெல்லாம் வானத்திலிருந்து விழாது. சரி, ஒரு இராப்போசன விருந்து வைப்போம், நடுவில் புது நாடகத்திலிருந்து கால்மணி நேரக் காட்சி ஒன்று போடுவோம், வருகிற காசில் நாடகத்தை மேடையேற்றுவோம் என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் தலையாட்டினோம். அன்றிலிருந்து குழுவில் ஒருத்தரும் நாடகம் பற்றிக் கதைக்கவில்லை. நாங்கள் இப்போது கேட்டரிங் கொம்பனி.

முதலில் திகதி. சனிக்கிழமை என்றால் புரட்டாதிச் சனி, வீட்டில் மீன், இறைச்சி இல்லையாம். வெள்ளி என்றால் பாதி வெள்ளவத்தை விரதம். ஞாயிறு என்றால் அடுத்த நாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். பௌர்ணமிப் போயா தினத்தில் இறைச்சிக் கடையே பூட்டு. நல்ல நாள் எல்லாவற்றையும் கலியாணக்காரர் எப்போதோ பிடித்துவிட்டார்கள். கடைசியில் மண்டபம் சும்மா கிடந்த ஒரு நாளைப் பிடித்தால், "அட்டமியிலயா தம்பி விருந்து வைக்கிறீங்கள்?" என்று ஒரு அன்ரி கேட்கிறா. (காட்சியில் கிழவி சாகிறா அன்ரி, பொருத்தமாகத்தான் இருக்கும் என்று சொல்ல வாய்வரை வந்தது.)

அப்புறம் டிக்கட். இங்கேதான் எனக்கு விசர் பிடிக்கிறது. டிக்கட் 3,500 ரூபா என்று சொல்லி வாய் மூடவில்லை, முதல் கேள்வி "என்ன சாப்பாடு?" என்ன நாடகம், யார் எழுதியது, யார் நடிக்கிறார்கள் என்று சத்தியமாக ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஒரு அங்கிளோடு நான் கதைத்ததை அப்படியே போடுகிறேன்.

"புவேயா, பார்சலா?"
"புவே அங்கிள்."
"மட்டன் இருக்கா?"
"கோழி அங்கிள். மீனும் இருக்கு."
"மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கோழியா?"
"அங்கிள், இது நாடகத்துக்குக் காசு சேர்க்கிறதுக்கு..."
"அது விளங்குது தம்பி. நாடகம் எத்தனை மணிக்கு முடியும்? நாங்கள் ஒரு எட்டரைக்கு வந்தாச் சரிதானே?"

சவோய் தியேட்டரில் படம் பார்க்கப் போகும்போது டிக்கட்டோடு சோறு கேட்கிறோமா? இந்தியாவிலிருந்து ஒரு பாட்டுக்காரர் வந்து இறங்கினால் முன்வரிசைக்கு என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலைக்கூடத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக் குடித்துவிட்டு வருகிறோம். உள்ளூர்ப் பிள்ளைகள் மாதக்கணக்காக ஒத்திகை பார்த்து ஒன்றைக் கொண்டுவந்தால் மட்டும் கூடவே மட்டனும் வேண்டும். மருதானையில் டவர் ஹோல் நாடக அரங்கு திறந்தது 1911இல். அந்தக் காலத்துச் சனம் அங்கே நாடகம் பார்க்க டிக்கட் வாங்கியது. நூறு வருசம் கழிந்து நாங்கள் முன்னேறிய திசை இது.

சாப்பாட்டைக் கழித்தால் 3,500இல் பெரிய மிச்சம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு பிளேட் 2,000 என்றார்கள். சந்தோசம். அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு மேல் 18 சதவீதம் வற் வரி. ஆக 2,596. நூற்றைம்பது பேருக்கு 3,89,400 ரூபா.

சரி, நூற்றைம்பது டிக்கட் விற்றால்? விற்றால் தானே! முப்பது பேர் இலவச பாஸ் கேட்டிருக்கிறார்கள். "கலை வளரவேணும் தம்பி" என்று யார் அதிகம் சொல்கிறாரோ அவருக்குத்தான் குடும்பத்தோடு பாஸ் வேண்டும். கொடுக்காவிட்டால் கோபம், கொடுத்தால் "முன் மேசை இல்லையா?" என்று ஒரு மனத்தாங்கல். பாஸில் வருகிறவர் காற்றையா சாப்பிடப்போகிறார்? அவருக்கும் 2,596தான். மிச்சம் நூற்றிருபது டிக்கட்டும் விற்றால் 4,20,000. சாப்பாட்டைக் கழி, ஒலிபெருக்கிக்காரரின் 25,000ஐக் கழி. கையில் 5,600 ரூபா. இவ்வளவு ஓட்டமும் அந்தக் காசுக்கு. இதில் களியாட்ட வரியை நான் இன்னும் தொடவே இல்லை.

உபயகாரர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். ஒரு கடை முதலாளி, பெயர் வேண்டாம். விழாப் பனரின் மாதிரியை அவருடைய ஆட்களே செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நடுவில் அவருடைய படம், இரண்டு பக்கமும் கடையின் பெயர், மேலே பிள்ளையார். எங்கள் குழுவின் பெயரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன், கீழே மூலையில், அச்சகத்தின் தொலைபேசி இலக்கத்துக்குப் பக்கத்தில், அதுவும் எழுத்துப்பிழையோடு கிடந்தது. நிகழ்ச்சி நிரலும் அவர்கள் சொன்னபடிதான்: மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை போர்த்தல். குத்துவிளக்குக்கு ஐந்து முகம், ஏற்றுவதற்குப் பட்டியலில் பதினொரு பேர்! இதற்குள் காட்சிக்கு நேரம் காணாது, ஏழு நிமிடமாகச் சுருக்க முடியாதா என்கிறார்கள். எங்கள் இயக்குநர் அக்கா முடியாது என்றதற்கு, "கிழவி சாகிறதை முதலிலேயே போட்டால் சுருங்கும்தானே" என்று யோசனை வேறு. அக்கா அன்று ஒத்திகைக்கு வரவில்லை. செக் இன்னும் தரவில்லை, அது விழா முடிந்த பிறகாம்.

அந்த ஏழு நிமிடத்துக்கும் பிரதியைத் தணிக்கைக்குக் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும், 1912இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இன்னும் எங்கள் கழுத்தில். டிக்கட் புத்தகத்தை மாநகரசபைக்குக் கொண்டுபோய் முத்திரை குத்த வேண்டும். இதையெல்லாம் செய்வது யார்? கதாநாயகன். வசனம் பாடமாக்க வேண்டிய பெடியன் டிக்கட் புத்தகமும் கையுமாக அலைகிறான். கிழவியாக நடிக்கிற பிள்ளை அதிர்ஷ்டச் சீட்டிழுப்புக்கு ரைஸ் குக்கர் விலை விசாரிக்கிறாள். உண்மையைச் சொன்னால் டிக்கட்டைவிடச் சீட்டு நன்றாகப் போகிறது. ரைஸ் குக்கரை வைத்தே ஒரு நாடகம் எழுதியிருக்கலாம்.

ஒரே ஒரு ரீச்சர் மட்டும், ஓய்வூதியக்காரி, "எனக்கு இரவில் வர ஏலாது மகன், கணக்கு இலக்கத்தை அனுப்பு" என்று 5,000 போட்டுவிட்டிருக்கிறா. விருந்து முழுவதும் தருகிற காசுக்கு 600 ரூபாதான் குறைவு. அடுத்த கூட்டத்தில் நான் இதைத்தான் கேட்கப்போகிறேன்: மண்டபத்துக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும், விருந்தை நிறுத்துவோம், கணக்கு இலக்கத்தை எல்லோருக்கும் அனுப்புவோம். தருகிறவர் தரட்டும். ரசீது வீடு தேடி வரும், நாடகத்துக்கு முன்வரிசைக் கதிரையும் உண்டு. மட்டன் கிடையாது.