கடை அலமாரியோடு நிற்கும் கணக்கு

யூனிலீவர் 2039க்குள் நெட் ஜீரோ ஆகிவிடும், அதாவது அதன் கார்பன் உமிழ்வும் காற்றிலிருந்து அகற்றும் கார்பனும் சமமாகிவிடும் என்று பகிர்பவர்கள், அந்த வாக்குறுதி எந்த இடத்தோடு முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் அவர்கள் அறிவித்தது மூலப்பொருள் வாங்குவதில் தொடங்கி, பொருள் கடையில் விற்பனையாகும் வரைக்குமான உமிழ்வைப் பற்றி மட்டும்தான். அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடப்பது அந்தக் கணக்கில் வராது.

இது சின்ன விடுபடல் இல்லை. சோப்பும் ஷாம்பூவும் சலவைப் பவுடரும் விற்கும் இப்படிப்பட்ட கம்பெனியில், பொருட்களின் மொத்த உமிழ்வில் பாதிக்கும் மேல் வாங்கியவர் வீட்டில்தான் உண்டாகிறது, முக்கியமாக வெந்நீர் காய்ச்சச் செலவாகும் மின்சாரத்தாலும் கேஸாலும். லண்டனில் ஷவரைத் திறந்துவிட்டு வெந்நீரில் நின்று குளிப்பவரும் மதுரையில் ஒரு வாளி பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொள்பவரும் ஒரே சோப்பைத்தான் தேய்க்கிறார்கள், ஆனால் அந்தச் சோப்பின் கார்பன் கணக்கு இரண்டு இடத்திலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வீட்டு மின்சாரம் கம்பெனியின் கையில் இல்லை என்பார்கள். சரி, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2010ல் அன்றைய தலைமை நிர்வாகி பால் போல்மன் தலைமையில் திட்டம் போட்டபோது, வீட்டு உபயோகத்தையும் சேர்த்துத்தான் பொருட்களின் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பாதியாக்குவோம் என்றார்கள். முதலில் 2020 என்றார்கள், அப்புறம் 2030க்குத் தள்ளினார்கள், நெட் ஜீரோ வாக்குறுதியிலோ வீட்டு உபயோகத்தைச் சேர்க்கவே இல்லை. கையில் இல்லாததை அன்றைக்கு எப்படிச் சேர்த்தார்கள்? பச்சைத் தண்ணீரிலேயே அழுக்குப் போகிற பவுடரும், ரெண்டு குவளைத் தண்ணீரில் அலசி முடிக்கக்கூடிய கண்டிஷனரும் அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் உருவாக வேண்டியவைதானே.

சொந்தத் தொழிற்சாலைகளின் உமிழ்வை 2030க்குள் பூஜ்ஜியமாக்குவது நல்ல வேலை, மனதார வரவேற்கிறேன். ஆனால் மொத்தத்தில் அது சிறு பங்கு. கடை வரைக்குமான கணக்கில்கூடப் பெரும் பங்கு பாமாயில், பிளாஸ்டிக், ரசாயனங்கள் என்று வெளியிலிருந்து வாங்குவதில் இருக்கிறது. நம் தூத்துக்குடியிலேயே ஒரு உதாரணம் உண்டு. அங்குள்ள ஆல்கலி ஆலை, நிலக்கரி பாய்லரின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுத்து அதைக் கொண்டு சலவைப் பவுடரில் சேரும் சோடா ஆஷ் என்ற உப்பைச் செய்தது. தன் பவுடருக்காக அதை வாங்குவதாக யூனிலீவர் 2020ல் சொன்னது. கேட்கப் பெருமையாக இருக்கிறது. உலகம் முழுக்க இந்தக் கம்பெனி வாங்கும் சோடா ஆஷில் இந்த வகை எத்தனை சதவீதம் என்பதை வருஷா வருஷம் பக்கத்திலேயே போட்டால்தான் அந்தப் பெருமைக்கு அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், இலக்குகள் சத்தமில்லாமல் நகர்கின்றன. புது பிளாஸ்டிக்கை 2025க்குள் பாதியாகக் குறைப்போம் என்ற யூனிலீவர்காரர்கள் 2024ல் அதை 2026க்குள் 30 சதவீதம் என்று மாற்றினார்கள். பெப்சிகோ 2025ல் தன் நெட் ஜீரோ ஆண்டை 2040லிருந்து 2050க்குத் தள்ளியது. எந்த ஆண்டின் அளவோடு ஒப்பிட்டுக் குறைப்பது என்ற அடிப்படை ஆண்டும் ஒன்றாக இல்லை. யூனிலீவரின் பழைய திட்டத்துக்கு 2010, தொழிற்சாலை உமிழ்வுக்கு 2015, சப்ளையர்கள் பக்கத்துக்கு 2021. இதை வைத்து ஒரு சாதாரண வாசகர் முன்னேற்றத்தை எப்படி அளப்பார்?

இதன் இந்தியக் கிளை நிறுவனமான ஹிந்துஸ்தான் யூனிலீவரில் பங்கு வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் டிவிடெண்டைக் கேட்கும்போது இதையும் கேளுங்கள்: ஒரே அடிப்படை ஆண்டை வைத்து, மொத்த உமிழ்வு எத்தனை டன், அதில் வீட்டு உபயோகம் எத்தனை டன்.