மோசடிக் கடிதத்தின் படத்தை வெளியிடலாம்

"அனுப்பியவரின் அனுமதியில்லாமல் மோசடிக் கடிதத்தின் படத்தை வெளியிட்டால் பதிப்புரிமை மீறல்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. வீண் அச்சத்தையும் விதைக்கிறது. கடிதம் எழுதியவருக்குப் பதிப்புரிமை உண்டு, பதிவு செய்யாவிட்டாலும் உண்டு. அதுவரை சரி. ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காகவும் நடப்பு நிகழ்வுகளைத் தெரிவிப்பதற்காகவும் நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது.

போலீஸ் போல நடித்து, கைது செய்துவிட்டதாக இணையவழி மிரட்டிப் பணம் பறிப்பதுதான் 'டிஜிட்டல் கைது' மோசடி. என் பெரியப்பாவுக்கு வந்த அப்படியொரு கடிதத்தில் அசோகச் சின்னம் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. கையெழுத்தும் மங்கலான நகல். இதைப் படமில்லாமல் எப்படிப் புரியவைப்பது? படத்தைப் போடுங்கள், எது போலி என்று அருகிலேயே விளக்குங்கள். விளக்கமில்லாத வெறும் படத்துக்கு இந்தப் பாதுகாப்பு வலுவானதல்ல. கடிதம் பெற்றவரின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை மறக்காமல் மறைத்துவிடுங்கள்.